புகை எந்தப் பக்கம் போகிறது?

(பொது இடக் கழிப்பறைகளின் வடிவமைப்பைப் பற்றி, உலகக் கழிப்பறை நாள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நவம்பர் 19, உலகக் கழிப்பறை நாள். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே அப்படி ஒரு நாள் இருக்கிறது. 2001-இல் இதே தேதியில் சிங்கப்பூரில் ஜாக் சிம் என்பவர் உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கினார். 2013-இல் ஐக்கிய நாடுகள் சபை அந்த நாளைத் தன் நாட்காட்டியில் சேர்த்துக்கொண்டது. இந்தக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தபோது அச்சகத்திலிருந்து எனக்கு ஒரு போன். "சார், தலைப்புல கழிப்பறைன்னே போடணுமா? சுகாதாரம்னு போட்டா கௌரவமா இருக்குமே?" நல்ல மனிதர். என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் மொழியே இந்த விஷயத்தில் நேருக்கு நேர் பேசாது. வெளிக்குப் போகிறேன் என்போம். கொல்லைக்குப் போகிறேன் என்போம். கால் கழுவிட்டு வந்துடறேன் என்போம். அதுவும் கூச்சமாக இருந்தால் எண்ணிக்கையில் சொல்வோம், ஒன்று, இரண்டு என்று. பெயர் சொல்லவே தயங்கும் ஒரு பொருளை யார் மேசை போட்டு உட்கார்ந்து வரையப் போகிறார்கள்? நாற்காலிக்கு நூறு மாதிரி வரைகிறோம். கைப்பேசிக்கு ஆண்டுக்கு ஒரு மாதிரி வருகிறது. பேருந்து நிலையத்துக் கழிப்பறைக்கு? சந்தை மைதானத்துக் கழிப்பறைக்கு? திருவிழாக் கூட்டத்துக்காகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே, அந்தத் தகரப் பெட்டிக்கு?

அதுதான் இன்றைய பேச்சு. வீட்டுக் கழிப்பறையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்கு விளம்பரத்தில் நடிகர்கள் வந்து பேசுகிறார்கள். நான் பேச வந்தது வெயிலில், மழையில், ஊர் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிற கழிப்பறையைப் பற்றி. மூக்கைப் பொத்தாமல், முகத்தைச் சுளிக்காமல் அதற்குள் போய்வர ஒரு பொருளை எப்படி வடிவமைப்பது? பேச்சோடு பேச்சாக, என் பையில் ஒரு கட்டு ஊதுபத்தியும் கொண்டுவந்திருக்கிறேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சுவரைப் படிப்போம்.

நான் ஊர் ஊராகச் சுற்றுகிறவன். எந்தப் பொதுக் கழிப்பறைக்குள் நுழைந்தாலும் சுவரில் எழுதியிருப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். 'உபயோகித்த பின் தண்ணீர் ஊற்றவும்.' 'கதவை மூடவும்.' 'எச்சில் துப்பாதீர்.' 'வேறு பொருட்களை உள்ளே போடாதீர்.' இத்தனை புத்திமதி பள்ளிக்கூடச் சுவரில்கூடக் கிடையாது. சரி, தண்ணீர் ஊற்று என்கிறாயே, குழாயில் தண்ணீர் வருகிறதா? கதவை மூடு என்கிறாயே, தாழ்ப்பாள் இருக்கிறதா? வாளி இருக்கிறதா? வாளி இருந்தால் கப்பு இருக்கிறதா? கப்பு இருந்தால் அதைச் சங்கிலியில் கட்டியிருப்பார்கள். அந்தச் சங்கிலி வாளி வரைக்கும் எட்டும், கோப்பை வரைக்கும் எட்டாது!

என் கட்சி இதுதான். அந்தச் சுவரில் இருக்கும் ஒவ்வொரு அறிவிப்பும், வரைந்தவர் முடிக்காமல் விட்ட வேலை. பொருளில் செய்திருக்க வேண்டியதை அவர் செய்யவில்லை. அதை உள்ளே வருகிற ஆளின் தலையில் கட்டிவிட்டார். அவசரத்தில் வருகிறவன் படிப்பானா? இருட்டில் வருகிறவள் படிப்பாளா? படிக்கவே தெரியாத குழந்தை என்ன செய்யும்?

சிலர் எழுத்தை நம்பாமல் சாமியை நம்புகிறார்கள். தெருவோரச் சுற்றுச்சுவரில் யாரும் ஒதுங்காதபடி பிள்ளையார், ஏசுநாதர், மசூதி என்று வரிசையாக ஓடு பதித்துவிடுகிறார்கள். எல்லா மதமும் சமமாக நிற்கும் இடம் நம் நாட்டில் அந்தச் சுவர்தான். பலனும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சுவர் தப்பித்துவிடும். அடுத்த வீட்டுச் சுவர் நனையும்.

ஆளைத் திருத்தாமல் பொருளைத் திருத்திய ஒருவரின் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் விரிவாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து கழிப்பறை வரலாற்றில் இதைவிட அழகான கதை இல்லை.

ஜிம்பாப்வே. அப்போது அந்த நாட்டுக்கு வேறு பெயர், ரொடீசியா. தலைநகரில் பிளேர் ஆய்வுக்கூடம் என்று ஓர் அரசு ஆய்வுக்கூடம். அங்கே பீட்டர் மார்கன் என்று ஒருவர். உயிரியல் படித்தவர், பொறியாளர் கிடையாது. 1970-களில் அவர் முன்னால் இருந்த சிக்கல் மிகச் சாதாரணமானது. கிராமங்களில் குழி தோண்டி, மேலே பலகை போட்டு, சுற்றிலும் மறைப்புக் கட்டியிருந்தார்கள். ஒரே நாற்றம். ஒரே ஈ. அதனால் மக்கள் அதை விட்டுவிட்டுப் புதருக்கே போனார்கள். தண்ணீர் பாய்ச்சிக் கழுவலாமா? தண்ணீர் கிடையாது. விசிறி வைக்கலாமா? மின்சாரம் கிடையாது. என்னதான் இருக்கிறது? காற்று இருக்கிறது. வெளிச்சம் இருக்கிறது.

அவர் செய்தது இவ்வளவுதான். குழியிலிருந்து கூரைக்கு மேலே போகும்படி ஒரு குழாயை நட்டார். குழாயின் வாயில் ஒரு வலையைக் கட்டினார்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றுகிறதா? கேளுங்கள். குழாயின் வாய்க்கு மேலே காற்று வீசுகிறது. வீசும்போது அது குழாய்க்குள் இருக்கும் காற்றை மேலே இழுக்கிறது. குழியிலிருந்து காற்று மேலே போனால் அந்த இடத்துக்கு வேறு காற்று வர வேண்டும் அல்லவா? எங்கிருந்து வரும்? வாசல் வழியாக அறைக்குள் நுழைந்து, நாம் குந்தியிருக்கும் துளை வழியாகக் கீழே இறங்கும். ஆக அந்தத் துளையில் காற்று எப்போதும் கீழ்நோக்கியே போகிறது. நாற்றம் மேலே ஏறி அறைக்கு வர வழியே இல்லை! வெயிலில் குழாய் சூடாவதால்தான் காற்று எழுகிறது என்று நினைத்து, குழாய்க்குக் கறுப்புச் சாயம்கூட அடித்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது வெயிலின் பங்கு குறைவு, மேலே வீசும் காற்றின் பங்குதான் பெரிது என்று தெரிந்தது.

அடுத்து ஈ. ஈ வெளிச்சத்தைத் தேடிப் போகும். அறை இருட்டாக இருந்தால், குழிக்குள் பிறந்த ஈ அண்ணாந்து பார்க்கையில் எங்கே வெளிச்சம் தெரியும்? குழாயின் உச்சியில். பறந்து போகும். அங்கே வலை. வெளியே போக முடியாது. அங்கேயே மோதி மோதிச் செத்து, குழியிலேயே விழும். வெளியே இருக்கும் ஈயின் கதை என்ன? அது நாற்றத்தைத் தேடி வருகிறது. நாற்றம் குழாயின் உச்சியில்தான் வருகிறது. அங்கே போனால் அதே வலை, இந்தப் பக்கத்திலிருந்து.

1975-இல் அவர் எண்ணிப் பார்த்தார். குழாய் வைத்த கழிப்பறை ஒருபுறம், வைக்காதது மறுபுறம். 78 நாள் ஈ பிடித்தார். குழாய் இல்லாததிலிருந்து வந்தவை 13,953 ஈக்கள். குழாய் வைத்ததிலிருந்து வந்தவை 146. பினாயில் இல்லை, மருந்து இல்லை, அறிவிப்பு இல்லை. ஒரு குழாய், ஒரு துண்டு வலை.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. எல்லாம் சரியாக நடக்க அறை இருட்டாக இருக்க வேண்டும். யாராவது கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால்? அறைக்குள் வெளிச்சம் வந்துவிடும், ஈயும் அறைக்குள் வந்துவிடும். இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? 'கதவை மூடவும்' என்று எழுதியிருப்போம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கதவையே எடுத்துவிட்டார்கள். சுவரை நத்தைக் கூடு போலச் சுற்றிக் கட்டினார்கள். நடந்து உள்ளே போனால் சுவர் வளைந்து நம்மை மறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்வை போகாது, வெளிச்சமும் போகாது. கதவு இல்லை. அதனால் மூட மறக்க முடியாது. கீல் துருப்பிடிக்காது. தாழ்ப்பாள் திருட்டுப் போகாது.

1980-இல் விடுதலை பெற்ற பிறகு ஜிம்பாப்வே கிராமங்களில் இந்தக் கழிப்பறை லட்சக்கணக்கில் எழுந்தது. 2013-இல் பீட்டர் மார்கனுக்கு ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு கொடுத்தார்கள்.

இதில் குறையே இல்லையா? இருக்கிறது. கொசு வெளிச்சத்துக்கு ஈ அளவுக்கு மயங்குவதில்லை, அது தன் வழியில் வரும். குழியிலிருந்து எழும் வாயு வலையை அரிக்கும். வலை கிழிந்தால் கதை முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது தண்ணீர் ஊற்றாத கழிப்பறை. நாம் தண்ணீரில் கால் கழுவுகிறவர்கள். அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நட முடியாது. ஆனால் உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் குழாயின் வாயில் கொசுவலை கட்டச் சொல்லி மாநகராட்சி ஊழியர் வந்து சொல்கிறாரே, அந்த வலைக்கும் மார்கனின் வலைக்கும் உறவு உண்டு. அடுத்த முறை அவர் வந்தால் சலித்துக்கொள்ளாமல் கட்டுங்கள்.

நண்பர்களே, இப்போது மூக்குக்கு வருவோம்.

நாற்றம் என்றதும் நம் கை எதைத் தேடுகிறது? நறுமணத்தை. பினாயில் ஊற்று, பாச்சை உருண்டை போடு, ரோஜா வாசனை அடி. கொஞ்ச நாளில் என்ன ஆகிறது? ரோஜாவை முகர்ந்தாலே பேருந்து நிலையம் நினைவுக்கு வருகிறது. நாற்றமும் போகவில்லை, ரோஜாவின் பெயரும் கெட்டுப்போனது.

கழிப்பறை நாற்றம் என்றால் என்ன என்று வேதியியலாளர்கள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஃபிர்மெனிக் என்று சுவிட்சர்லாந்தில் ஒரு வாசனைத் திரவிய நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் கழிப்பறைகளின் காற்றைப் பிடித்து ஆராய்ந்தார்கள். அத்தர் செய்கிறவர்கள் கக்கூஸ் காற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்! என்ன கிடைத்தது? பியூட்டிரிக் அமிலம், கெட்டுப்போன வெண்ணெயின் வாடை. பாரா கிரெசால், தொழுவத்து வாடை. அழுகிய முட்டை போல நாறும் கந்தக வாயுக்கள். கடைசியாக இண்டோல். இந்த இண்டோல் வேறு எதில் இருக்கிறது தெரியுமா? மல்லிகைப் பூவில். ஆமாம் அம்மா, நீங்கள் தலையில் வைத்திருக்கும் பூவில்தான். துளியளவு இருந்தால் மணம், கூடினால் நாற்றம். இதை வீட்டில் சொல்லி நான் ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள். இப்போதுதான் கழித்த சிறுநீர் அவ்வளவாக நாறுவதில்லை. தேங்கி நின்றால்தான் நாறும். நுண்ணுயிர்கள் அதிலிருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. கண்ணைக் கரிக்கிறதே, அதுதான். அப்படியானால் சிறுநீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். கோப்பையில் தேங்குவதில்லை. தரையில், டைல்ஸ் இடுக்கில் தேங்குகிறது. அந்த நாற்றத்தைப் போக்க நாம் என்ன செய்கிறோம்? ஆசிட் ஊற்றித் தேய்க்கிறோம். ஆசிட் இடுக்கிலிருக்கும் சிமென்ட்டைத் தின்கிறது. இடுக்கு ஆழமாகிறது. மறுநாள் அதில் இன்னும் கொஞ்சம் தேங்குகிறது. இன்னும் கொஞ்சம் ஆசிட். நாற்றத்துக்கு நாமே குளம் வெட்டிக் கொடுக்கிறோம்!

அதோடு விடுகிறோமா? ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறோம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது நச்சு. அதை மூச்சில் இழுப்பது யார்? சுவரில் அறிவிப்பு எழுதியவர் இல்லை, வரைந்தவர் இல்லை, திறப்பு விழாவுக்கு வந்தவரும் இல்லை. துடைப்பத்தோடு உள்ளே குனிந்து நிற்கும் அந்த அம்மா.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருமைக்குரிய கதை இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாவுக்காக, தூக்கிக்கொண்டுபோய் வைக்கும்படியான கழிப்பறைப் பெட்டி ஒன்றை நான் வரைந்தேன். ஃபைபரில் வார்த்தது. பார்க்க நன்றாக இருந்தது என்று நானே சொல்லிக்கொள்வேன். உள்ளே மின்விசிறி, மேலே கண்ணாடிக் கூரை, நல்ல நிறம். விசிறியின் வாயை எந்தப் பக்கம் வைத்தேன் தெரியுமா? கதவுக்கு மேலே, முன்பக்கம். உள்ளே இருந்தவருக்கு நாற்றம் தெரியவில்லை. வெளியே வரிசையில் நின்ற 20 பேரின் முகத்தில் அது நேராகப் போய் அடித்தது. இரண்டாம் நாளே விசிறியின் ஒயரை யாரோ பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியவரை நான் மன்னித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் போனேன். கழுவிக்கொண்டிருந்த அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் இத வரைஞ்ச சாரா?" என்றார். ஆமாம் என்றேன். "வரையும்போது தொடப்பத்தையும் வரைஞ்சீங்களா சார்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. கோப்பைக்கும் பின்சுவருக்கும் நடுவில் நான் விட்டிருந்த இடைவெளியைக் காட்டினார். நாலு விரல் அகலம். துடைப்பம் நுழையாது. பிரஷ் நுழைந்தாலும் திரும்பாது. சுவரும் தரையும் சேரும் மூலைகளை நறுக்கென்று நேர்கோணமாக வைத்திருந்தேன், வரைபடத்தில் பார்க்க அழகாக இருந்ததால். அந்த மூலை ஒவ்வொன்றிலும் அழுக்கு அப்பியிருந்தது. "இதுல கை விட்டுத்தான் சார் எடுக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் காதில் கேட்கிறது.

அன்றிலிருந்து என் மேசையில் முதலில் வரைவது துடைப்பம். அது எந்தக் கோணத்தில் போகும், குனியாமல் பிடிக்க எவ்வளவு இடம் வேண்டும், வாளியை எங்கே வைப்பார், கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும். மூலைகளை எல்லாம் கிண்ணத்தின் அடிபோல வளைத்துவிடுகிறேன். இடுக்கு இல்லாத ஒரே வார்ப்பாகத் தரையைச் செய்கிறேன். கழுவுவது சுலபமான இடம் தானாகவே நாறாமல் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பொறியியல் பட்டமும் ஓர் அவமானமும் தேவைப்பட்டன.

தண்ணீர் ஊற்றும் கழிப்பறைக்கு வருவோம். அதில் நாற்றத்தைத் தடுப்பது எது? கோப்பைக்கு அடியில் வளைந்த குழாயில் தங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர். அந்த வளைவுக்கு 1775-இல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங், கடிகாரம் செய்கிறவர். பிளம்பர்கள் அதை டிராப் என்பார்கள். தரையில் கழிவுநீர் இறங்கும் இடத்திலும் ஒன்று உண்டு, நாணி டிராப். கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தை ஜூன் மாதம் திறந்தால் கழிப்பறைப் பக்கம் ஏன் போக முடிவதில்லை? யாரும் உபயோகிக்கவே இல்லையே, எங்கிருந்து வந்தது நாற்றம்? டிராப்பில் இருந்த தண்ணீர் வற்றிவிட்டது. சாக்கடைக்கும் அறைக்கும் நடுவில் இருந்த காவல் போய்விட்டது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் யார் ஊற்றுவது? மறுபடியும் ஆளைத் தேடுகிறோம் பாருங்கள்.

வங்கதேசத்தில் இதே கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. அங்கே கிராமத்துக் குழிக் கழிப்பறைகளில் துளை எப்போதும் திறந்தே கிடக்கும். மூடி கொடுத்தால் யாரும் மூடுவதில்லை. மூடியைக் கையால் தொடவே அருவருப்பு, அதில் நியாயமும் இருக்கிறது. அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் பொறியாளர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, 2013-ஐ ஒட்டி ஒரு பிளாஸ்டிக் கோப்பையைச் செய்தார்கள். பெயர் சாட்டோ. கோப்பையின் அடியில் ஒரு சின்னக் கதவு, அதன் மறுமுனையில் ஓர் எடை. தண்ணீர் ஊற்றினால் பாரத்தில் கதவு கீழே திறக்கும், எல்லாம் விழும், விழுந்ததும் எடை இழுத்துக் கதவைத் தானே மூடிவிடும். மேலே கொஞ்சம் தண்ணீர் தங்கி அடைத்துக்கொள்ளும். நாற்றமும் வராது, ஈயும் போகாது. மின்சாரம் இல்லை, ஸ்பிரிங் இல்லை. கிணற்றடியில் ஏற்றம் இறைத்தவர்களுக்கு அந்த எடையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அப்போது அதன் விலை இரண்டு டாலருக்கும் குறைவு. மூடியை மூடு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதுவே மூடிக்கொள்கிறது.

இரண்டு டாலர் கதை கேட்டீர்கள். இப்போது 50 லட்சம் டாலர் கதை கேளுங்கள்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரம். 2004-இல் தெருவோரத்தில் ஐந்து தானியங்கிக் கழிப்பறைகளை நிறுத்தினார்கள். கதவு தானாகத் திறக்கும், தானாகப் பூட்டும், ஆள் வெளியே வந்ததும் தரையையும் கோப்பையையும் அதுவே கழுவிக்கொள்ளும். ஐந்துக்கும் சேர்த்துச் செலவு 50 லட்சம் டாலரை ஒட்டி. என்ன நடந்தது? உள்ளே போனால் யாருக்கும் தெரியாது, கதவு பூட்டிக்கொள்ளும், மழையும் படாது. போதை ஊசி போடுகிறவர்களுக்கு அதைவிட வசதியான இடம் உண்டா? குப்பை சிக்கிக் கழுவும் எந்திரமும் நின்றுபோனது. 2008-இல் ஐந்தையும் இணையத்தில் ஏலம் விட்டார்கள். கிடைத்தது எவ்வளவு? மொத்தமே 12,549 டாலர்.

அதே 2008-இல், பக்கத்து மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரம் வேறொன்றைச் செய்தது. எஃகில் ஒரு முட்டை வடிவக் கூண்டு. சுவரின் மேலும் கீழும் சாய்ந்த பட்டைகள். அவற்றின் வழியாகக் காற்று போகும், வெளிச்சம் போகும், உள்ளே எத்தனை கால்கள் நிற்கின்றன என்பதும் வெளியே தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. உள்ளே கண்ணாடி இல்லை. கை கழுவும் குழாயை வெளியே வைத்துவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்து துணி துவைக்கவும் முடியாது, குளிக்கவும் முடியாது. வந்த வேலையை முடித்துவிட்டு வெளியே வர வேண்டியதுதான். சியாட்டிலில் வைத்ததில் எதெல்லாம் கெட்டுப்போகுமோ அதெல்லாம் இதில் இல்லவே இல்லை. ஒரு மாநகராட்சி தானே வரைந்து, காப்புரிமையும் வாங்கி, பல ஊர்களுக்கு விற்றது.

ஆனால் கால் தெரிகிற அந்தப் பட்டையை நம் ஊரில் வைத்தால் பெண்கள் உள்ளே போவார்களா? மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். போகச் சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. டோக்கியோவில் ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர் 2020-இல் கண்ணாடியால் சுவர் வைத்தார். ஆள் இல்லாதபோது உள்ளே எல்லாம் தெரியும், சுத்தமா, யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளலாம். தாழிட்டதும் கண்ணாடி மங்கி மறைத்துவிடும். உலகமே வியந்தது. குளிர்காலத்தில் அந்தக் கண்ணாடி மங்க நேரம் எடுத்துக்கொண்டது. உள்ளே போனவரின் நிலையை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்! நான் கிண்டல் செய்யவில்லை. அவர் கேட்ட கேள்வி சரியானது. கதவைத் திறப்பதற்கு முன் நம் வயிற்றைப் பிசைவது அந்த இரண்டு பயங்கள்தானே?

பெண்களைப் பற்றிச் சொன்னேன். ஒரு சின்னப் பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கொக்கி. நீண்ட தூரப் பேருந்தில் வரும் ஒரு பெண், தோளில் பை, கையில் கைப்பேசி, இடுப்பில் குழந்தை. உள்ளே போகிறார். தரை ஈரம். பையை எங்கே வைப்பார்? பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு காலால் மிதித்துக்கொண்டு... இந்த அரங்கில் இருக்கும் பெண்கள் சிரிக்கவில்லை, கவனித்தேன். ஆண்கள்தான் சிரித்தார்கள். இதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் பயணம் செய்கிறார்கள். ஒரு கொக்கி என்ன விலை? வரைந்தவர் ஆணாக இருந்தார், அவர் பையோடு உள்ளே போனதில்லை, அதனால் கொக்கி இல்லை. இதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது.

கடைசி வரிசை மாணவர்களே, உங்களுக்குத்தான் இது. அடுத்த ஆண்டு புராஜெக்ட் செய்வீர்கள். சென்சார் வைக்கிறேன், செயலி எழுதுகிறேன் என்று கிளம்புவீர்கள். செய்யுங்கள், தடுக்கவில்லை. அதற்கு முன் ஒரு பொதுக் கழிப்பறை வாசலில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். யார் உள்ளே போகாமல் திரும்பிப் போகிறார்கள் என்று எண்ணுங்கள். கழுவுகிறவரோடு ஒரு டீ குடியுங்கள். சுவரில் எழுதியிருப்பதை எல்லாம் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்ய வேண்டிய பொருட்களின் பட்டியல் அதுதான். ஒவ்வொரு வரியையும் அழித்துவிடக்கூடிய ஒரு பொருளைக் கண்டுபிடியுங்கள்.

சரி, ஊதுபத்திக்கு வருகிறேன். இந்த அரங்கத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் ஒரு கழிப்பறை இருக்கிறது. வரும்போதே பார்த்துவிட்டேன். இரண்டு ஜன்னல், ஒரு குழாய், ஒரு கதவு, மூன்று அறிவிப்பு. நம் வீடுகளில் நாற்றத்தை மறைக்கத்தான் கழிப்பறையில் ஊதுபத்தி ஏற்றி வைப்போம். இன்றைக்கு அது மறைக்க வேண்டாம், காட்டட்டும். பத்தியைக் கோப்பைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அசையாமல் பிடிக்க வேண்டும். புகை கீழே இறங்குகிறதா, நம் முகத்துக்கு வருகிறதா, ஜன்னல் பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து மறுபடி பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. தலைவர் அவர்கள் நன்றி சொல்லி முடித்ததும் நான் அங்கே போகிறேன். வருகிறவர்கள் வரலாம், பத்தி எல்லோருக்கும் போதும்.

தீப்பெட்டிதான் கொண்டுவர மறந்துவிட்டேன். யாரிடமாவது இருக்கிறதா?